வேலிக்குள் போன ஊர்

2017ஆம் ஆண்டு என் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்துக்குப் போயிருந்தேன். சியாட்டில் நகருக்குக் கிட்ட அவர்களின் வீடு. பத்தியம் வைப்பதும் பிள்ளையைக் குளிக்க வார்ப்பதுமாக நாட்கள் போயின. குழந்தைக்கு முப்பத்தொன்று கழிந்த பிறகு தங்கையின் கணவர், "அக்கா, இவ்வளவு தூரம் வந்தும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகப் போகிறீர்கள். ஒரு இடமாவது காட்டுகிறேன், வாருங்கள்" என்றார்.

மலையோ அருவியோ காட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் இடம் பதிந்து வைத்திருந்ததோ ஒரு பழைய அணு உலையைப் பார்ப்பதற்கு! நாகசாகி நகரத்தின் மேல் போட்ட குண்டுக்குள் இருந்த புளூட்டோனியம் ஹன்போர்ட் என்ற அந்த இடத்தில்தான் செய்யப்பட்டது என்று அவர் விளக்கியபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. ஷெல்லுக்கும் விமானக் குண்டுக்கும் பயந்து பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கிடந்தவள் நான். குண்டு செய்த இடத்தைப் போய் வேடிக்கை பார்ப்பதா?

"வேடிக்கைக்கு இல்லை அக்கா. அதை இடிக்க விடாமல் காப்பாற்றியவர்கள் சாதாரண மனிதர்கள். அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று வந்து கேளுங்கள்" என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் போனேன். போன இடத்தில் நான் எதிர்பாராத இன்னொன்றையும் கண்டேன். அதைத்தான் வாசக சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆற்றங்கரையில் ஓர் உலை

சியாட்டிலில் இருந்து மலைத்தொடரைக் கடந்து கிழக்கே போனால் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. மழை குறைந்த, புதர் படர்ந்த வெட்டை வெளி. அதன் நடுவே கொலம்பியா ஆறு. ஆற்றங்கரைப் பட்டணமான ரிச்லண்டில் இருந்து எங்களை பஸ்ஸில் ஏற்றிச் சென்றார்கள். கட்டணம் எதுவும் இல்லை. எந்த நாட்டவரும் போகலாம் என்றிருந்தபடியால் என் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் தடை இருக்கவில்லை.

1942 டிசம்பர் 2ஆம் திகதி சிக்காகோ பல்கலைக்கழகத்தில் என்ரிக்கோ பெர்மி என்ற விஞ்ஞானியின் தலைமையில் உலகின் முதலாவது அணு உலை இயக்கிக் காட்டப்பட்டது. அது ஒரு பரிசோதனை மட்டுமே. குண்டுக்கு வேண்டிய புளூட்டோனியத்தைச் செய்வதற்குப் பெரிய உலைகள் தேவைப்பட்டன. உலையைக் குளிர்விக்க ஆற்று நீர் வேண்டும். நிறைய மின்சாரம் வேண்டும். ஏதும் நடந்தால் பாதிக்கப்படுவதற்கு ஆட்கள் குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்துகின்றன என்று 1943 ஜனவரியில் இந்த இடத்தைத் தெரிவு செய்தார்கள். 'ஆட்கள் குறைவு' என்ற அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

பீ உலை என்று பெயரிடப்பட்ட அந்தக் கட்டடம் ஒரு வருடமளவில் கட்டி முடிக்கப்பட்டு, 1944 செப்டெம்பர் 26ஆம் திகதி இயங்கத் தொடங்கியது. உள்ளே நுழைந்ததும் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு சுவர் போல உலையின் முகப்பு நிற்கிறது. அந்த முகம் முழுவதும் வரிசை வரிசையாகக் குழாய் வாய்கள். மொத்தம் 2,004 குழாய்கள். பென்சிலுக்குள் இருக்கும் கரி போன்ற கிறபைற் கட்டிகளை அடுக்கி, அவற்றின் ஊடாக இந்தக் குழாய்களைச் செலுத்தியிருக்கிறார்கள். யுரேனியத்தைச் சிறு உருளைகளாக்கி அலுமினியத்தால் மூடிக் குழாய்களுக்குள் தள்ளுவார்கள். நிமிடத்துக்கு 75,000 கலன் அளவு ஆற்று நீர் அவற்றைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே யுரேனியத்தின் ஒரு சிறு பகுதி புளூட்டோனியமாக மாறும். பின்புறத்தால் அந்த உருளைகளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுத்தி, வேறு கட்டடங்களுக்குக் கொண்டுபோய் இரசாயன முறையில் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுப்பார்கள்.

இவ்வளவு பெரிய வேலைக்குப் பிறகு நாகசாகிக் குண்டுக்குள் வைக்கப்பட்ட புளூட்டோனியம் ஏறத்தாழ 6 கிலோகிராம். பெரிய தோடம்பழமளவு. 1945 ஓகஸ்ட் 9ஆம் திகதி அது வெடித்தது. அந்த வருடம் முடிவதற்குள் அந்நகரில் 70,000 பேரளவில் இறந்தார்கள். அந்த முகப்பின் முன் நின்று இந்த இரண்டு எண்களையும் சேர்த்து நினைத்தபோது கொஞ்ச நேரம் பேச முடியாமல் நின்றேன்.

இடிக்க இருந்த கட்டடம்

எங்களுக்கு விளக்கம் சொன்னவர் தலை நரைத்த ஒரு தொண்டர். இளவயதில் ஹன்போர்ட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சம்பளம் இல்லாமல் வந்து நின்று விளக்குகிறார்.

பீ உலை 1968 பெப்ரவரியில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. ஹன்போர்ட்டில் ஆற்றோரமாக இருந்த ஒன்பது உலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. அவற்றின் சுற்றுக் கட்டடங்களை இடித்து, உலையின் நடுப்பகுதியை மட்டும் கொங்கிறீற்றாலும் இரும்புத் தகட்டாலும் மூடி, கதிர்வீச்சுத் தணியும்வரை பல பத்து வருடங்கள் பூட்டி வைப்பதே திட்டமாக இருந்தது. 1998இல் முதலாவது உலை அப்படி மூடப்பட்டது. பீ உலைக்கும் அதே கதிதான் வரவிருந்தது.

அங்கு வேலை செய்த பொறியியலாளர்கள், தொழிலாளர்கள், ஊரவர்கள் சிலர் 1990களின் தொடக்கத்தில் ஒன்றுசேர்ந்து 'பீ உலை அருங்காட்சியகச் சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உலகத்தின் முதலாவது பெரிய அணு உலையை மூடி மறைத்துவிட்டால் இங்கே என்ன நடந்தது என்பதை வருங்காலப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க முடியாது என்பது அவர்களின் வாதம். அவர்கள் கூட்டம் கூட்டமாகப் போராடவில்லை. கடிதம் எழுதினார்கள். அரசியல்வாதிகளைச் சந்தித்தார்கள். பழைய வரைபடங்களைத் தேடி எடுத்தார்கள். உலையின் மாதிரி உருவங்களைச் செய்தார்கள். வயதுபோன தொழிலாளர்கள் இறப்பதற்கு முன்னர் அவர்களின் கதைகளைப் பதிவு செய்தார்கள்.

2008இல் பீ உலை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் சட்டம் நிறைவேறி, 2015 நவம்பரில் ஹன்போர்ட், லொஸ் அலமொஸ், ஓக் ரிட்ஜ் ஆகிய மூன்று இடங்களையும் சேர்த்து மன்ஹற்றன் திட்டத் தேசிய வரலாற்றுப் பூங்கா உருவாக்கப்பட்டது. ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற ஏறக்குறைய கால் நூற்றாண்டு எடுத்திருக்கிறது. தொடங்கியவர்களில் சிலர் அதைக் காணாமலே போய்விட்டார்கள்.

நான் தயங்கித் தயங்கி நாகசாகியைப் பற்றி அந்தத் தொண்டரிடம் கேட்டேன். தங்கையின் கணவர்தான் மொழிபெயர்த்தார். அவர் முகத்தைத் திருப்பவில்லை. தன் வேலையைப் பற்றி நீண்ட காலம் பெருமையை மட்டுமே நினைத்திருந்ததாகவும், யப்பானில் இருந்து வந்தவர்கள் இந்த முகப்பின் முன் அழுததைப் பார்த்த பிறகு தன்னால் அப்படி இருக்க முடியவில்லை என்றும் சொன்னார். இடித்திருந்தால் அவர்கள் வந்து அழுவதற்கும் ஓர் இடம் இல்லாமல் போயிருக்கும் என்றார்.

பெண்கள் எங்கே?

கட்டுப்பாட்டு அறையின் சுவர் நிறைய அளவுகாட்டிகள். ஒவ்வொரு குழாய்க்கும் ஒன்று. உலையை இயக்குபவருக்கு ஒரு கதிரை. இங்கே பெண்கள் இருக்கவில்லையா என்று கேட்டேன். இருந்தார்கள்.

லியோனா வூட்ஸ் மார்ஷல் என்ற இளம் பௌதிக விஞ்ஞானி சிக்காகோ பரிசோதனையில் பங்கெடுத்த ஒரே பெண். கர்ப்பமாக இருந்தபோது வேலையில் இருந்து நிறுத்திவிடுவார்கள் என்று தொளதொளத்த வேலை உடுப்பால் வயிற்றை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனவர். 1944இல் கைக்குழந்தையோடு ஹன்போர்ட் வந்தார். அவருடைய தாயார் கூட வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். பெண்கள் வருவார்கள் என்று எவரும் நினைக்காமல் கட்டிய கட்டடம் என்பதால் அவருக்கென்று பிறகு தனியாக ஒரு கழிப்பறை அமைத்தார்களாம். தங்கையின் பிள்ளையைப் பார்க்கப் போன எனக்கு அந்தத் தாயாரைத்தான் உடனே நினைவு வந்தது.

உலை இயங்கத் தொடங்கிச் சில மணித்தியாலங்களில் தானாகவே சக்தி குறைந்து நின்றுவிட்டது. செனோன் என்ற வாயு உள்ளே உருவாகி உலையை அணைக்கிறது என்று கண்டறிந்தார்கள். அதை உறுதிப்படுத்த உதவியது, சீனாவில் பிறந்த ஷியென் ஷியுங் வூ என்ற இன்னொரு பெண் விஞ்ஞானி செய்திருந்த ஆய்வு. விஞ்ஞானிகள் கேட்டது 1,500 குழாய்கள். கட்டிய பொறியியலாளர்கள் முன்னெச்சரிக்கையாக மேலும் 504ஐச் சேர்த்திருந்தபடியால் அவற்றையும் நிரப்பி உலையை மீண்டும் ஓட வைத்தார்கள்.

இவர்களைத் தவிர சமையற்கூடங்களில், அலுவலகங்களில், வைத்தியசாலையில் என ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். உச்சக் கட்டத்தில் 45,000 பேருக்கு மேல் தங்கியிருந்த முகாமில் பெண்களின் விடுதிகளுக்குச் சுற்றிவர வேலி போட்டிருந்தார்கள். கறுப்பினத் தொழிலாளர்களுக்கு வேறு விடுதிகள். என்ன செய்யப்படுகிறது என்று இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த செய்தி வந்த பிறகே தாங்கள் எதற்காக உழைத்தோம் என்பதை அறிந்துகொண்டார்கள்.

ஒரு கடிதமும் முப்பது நாளும்

மறுநாள் வேறொரு பஸ்ஸில் போனோம். இது உலையைப் பார்க்க அல்ல, உலைக்கு முன்பிருந்த ஊர்களைப் பார்க்க.

ஆற்றோரமாக வைற் பிளவ்ஸ், ஹன்போர்ட் என்று இரண்டு கிராமங்கள் இருந்தன. வாய்க்கால் வெட்டி, ஆற்று நீரை இறைத்து, வெட்டை நிலத்தைப் பழத்தோட்டமாக்கிய மக்கள். செர்ரி, பீச், அப்பிரிகொட், அப்பிள் என்று விளைந்த மண். 1943 மார்ச் மாதம் அரசாங்கத்தின் கடிதம் வந்தது. காணிகள் போர்த் தேவைக்காக எடுக்கப்படுகின்றன, வெளியேற வேண்டும். பலருக்குக் கிடைத்த தவணை முப்பது நாள் மாத்திரம். ஏன் என்று சொல்லப்படவில்லை. ரிச்லண்டையும் சேர்த்து ஏறத்தாழ 1,500 பேர் எழும்பினார்கள். மதிப்பிட்ட விலை போதாது என்று பலர் நீதிமன்றம் போனார்கள். மரங்களில் காய்த்த பழங்களைப் பின்னர் சிறைக் கைதிகளைக் கொண்டு பறிப்பித்தார்கள். சுடுகாட்டில் இருந்தவர்களையும் விடவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட பிரேதங்களைத் தோண்டி எடுத்து புறொசர் என்ற ஊரின் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

இவர்களுக்கும் முந்திய குடிகள் உண்டு. வானபும் என்ற ஆதிக்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்த ஆற்றோரத்தில் பாளயமிட்டு மீன் பிடித்தவர்கள். அவர்களுக்கும் வழி அடைபட்டது.

'ஆட்கள் குறைவு' என்று எழுதியவர்கள் எண்ணிக்கையைத்தான் பார்த்தார்கள். குறைவு என்றால் இல்லை என்பதல்லவே.

பஸ் ஒரு பாழடைந்த கட்டடத்தின் முன் நின்றது. ஹன்போர்ட் உயர்தரப் பாடசாலை. கொங்கிறீற் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் இருந்த இடங்களால் வானம் தெரிகிறது. எங்கள் வழிகாட்டி மேலே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் வலிகாமம் வடக்கில் இருந்து நாங்கள் எழும்பியபோது எங்களுக்கு முப்பது நாளும் இருக்கவில்லை. கூரையில்லாத சுவர், யன்னலால் தெரியும் வானம், முற்றத்தில் காடு. நான் படித்த பாடசாலையைப் பல வருடங்களின் பின் அப்படித்தான் பார்த்தேன். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அது பழைய கட்டடம். எனக்கு அது தெரிந்த முகம்.

அந்த மக்களுக்கு ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. போர் முடிந்தும் உலைகள் ஓடின. ஆனால் அவர்கள் விட்டுவிடவில்லை. சிதறிப் போனவர்கள் ஆண்டுதோறும் ஓரிடத்தில் ஒன்றுகூடினார்கள். அனுமதி கிடைத்தபோது உள்ளே போய்த் தங்கள் வளவு இருந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். படங்களையும் கடிதங்களையும் பத்திரப்படுத்தினார்கள். தங்கள் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யக் கொடுத்தார்கள். அவர்கள் அப்படி வைத்திருந்தபடியால்தான் உலைக்கு ஒரு பஸ் போவதுபோல, ஊருக்கும் ஒரு பஸ் போகக்கூடியதாக இருந்தது. பாடசாலைச் சுவரும், வைற் பிளவ்ஸ் வங்கியின் சிறு கட்டடமும் இன்று அந்தத் தேசியப் பூங்காவின் பகுதிகள்.

யார் சொல்வது, எதைச் சொல்வது?

காப்பாற்றுவது ஒன்று, எதைச் சொல்வதற்காகக் காப்பாற்றுவது என்பது இன்னொன்று. பூங்கா பற்றிய பேச்சு வந்தபோதே ஹிரோஷிமா, நாகசாகி மக்கள் தங்கள் கவலையைத் தெரிவித்தார்கள். குண்டைப் பெருமைப்படுத்தும் இடமாக அது ஆகிவிடக்கூடாது, இறந்தவர்களின் கதையும் சொல்லப்பட வேண்டும் என்று கேட்டார்கள். நான் நாடு திரும்பிய பிறகு, 2018 மார்ச்சில், சிறுவயதில் நாகசாகிக் குண்டில் இருந்து தப்பிய ஒரு முதியவர் ஹன்போர்ட்டுக்கே நேரில் வந்து, அங்குள்ள மக்களிடம் தன் அனுபவத்தைச் சொன்னார். எந்தப் பயணத்தைச் செய்ய என் மனம் முதலில் ஒப்பவில்லையோ, அதை அவர் அந்த வயதில் செய்திருக்கிறார்.

ஹன்போர்ட்டைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கும் ஒரு கதை உண்டு. காற்றில் கலந்த கதிரியக்க அயடீன் புல்லில் படிந்து, பசுவின் வயிற்றுக்குள் போய், பாலாகிக் குழந்தைகளிடம் வந்தது. 1949 டிசம்பரில் ஒரு பரிசோதனைக்காக வேண்டுமென்றே அதைக் காற்றில் விட்டார்கள். ஊரவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. மக்கள் விடாமல் கேட்ட பின்னர் 1986இல் 19,000 பக்க ஆவணங்கள் வெளியிடப்பட்டபோதுதான் அது தெரியவந்தது. தைரொயிட் நோயால் வருந்திய தாய்மார் பலர், தாங்கள் பிள்ளைக்குக் கொடுத்த பாலை நினைத்துக் கலங்கினார்கள். 177 நிலக்கீழ்த் தாங்கிகளில் தேங்கிய கழிவைத் துப்புரவு செய்யும் வேலை இன்றும் முடியவில்லை.

ஆக, அந்த ஒரே நிலத்துக்கு எத்தனை சொந்தக்காரர்கள்! ஆதிக்குடிகள், தோட்டக்காரர், தொழிலாளர், காற்று வீசிய பக்கம் வாழ்ந்தவர்கள், கடலுக்கு அப்பால் நாகசாகி மக்கள். உலையைக் காப்பாற்றிய தொண்டர்கள் கதவைத் திறந்து வைத்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கதையையும் வைக்கச் சொன்னார்கள். வந்து கேட்காதவர்களின் கதை அங்கே இடம் பிடிப்பதில்லை.

அம்மாவின் கொப்பி

ஊர் திரும்பிய அன்றே கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். அம்மாவுக்கு அப்போது 81 வயது. பின்னேரங்களில் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து கேட்டேன். எங்கள் காணியின் பெயர் என்ன? எத்தனை பரப்பு? நாலு எல்லையிலும் யார் இருந்தார்கள்? கிணற்றில் யார் யாருக்குப் பங்கு? எந்த மாமரம் யார் வைத்தது? கோயிலில் எந்தத் திருவிழா யாருடையது? எழும்பிய அன்று என்ன சமைத்திருந்தாய்?

முதலில், "இதெல்லாம் இப்ப என்னத்துக்குப் பிள்ளை?" என்றார். பிறகு நான் கேட்க மறந்தாலும் அவரே கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினார். எழும்பிய அன்று அடுப்பில் கீரை இருந்ததாம். இறக்கி வைக்காமலே வந்ததை அத்தனை வருடமும் அவர் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

2020இல் அம்மா காலமானார். நாற்பது பக்கங்கள் எழுதியிருந்தேன். அவற்றில் வரும் அயலவர்களில் பலரின் பெயர்கள் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாதவை. அந்தக் கொப்பி இல்லாவிட்டால் எனக்கும் பாதி மறந்திருக்கும்.

எமக்குப் பூங்கா இல்லை, சட்டம் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஆனால் ஹன்போர்ட்டின் தோட்டக்காரரும் தொண்டர்களும் தொடங்கியது பூங்காவில் இருந்தல்ல. ஒரு படம், ஒரு கடிதம், வயதுபோன ஒருவரின் பக்கத்தில் இருந்து கேட்ட கதை, இவற்றில் இருந்துதான். உங்கள் வீட்டிலும் ஒரு அம்மாவோ அம்மம்மாவோ மாமியோ இருப்பார். உறுதிக் கட்டோடு ஒரு பழைய கொப்பியும் கிடக்கும். இன்று பின்னேரமே போய்ப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். முதற் கேள்வி, "எங்கட காணிக்கு என்ன பெயர்?" என்பதாக இருக்கட்டும். மற்றதை அவர்களே சொல்வார்கள்.